மனதை வாசிக்கும் மச்சிமாரும் ஒரு மர்ம நாவலும்

எதிர்காலம் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பெண்பிள்ளை. எடுக்கிற முடிவெல்லாம் சரியாகவே வந்துவிடுகிற இன்னொரு பெண்பிள்ளை. இருவரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். தாய் தகப்பன் இல்லை. கெட்டவர்கள் கையில் சிக்கியிருக்கிறார்கள். இத்தனையையும் கையில் வைத்துக்கொண்டு வாசகருக்குக் கொட்டாவி வரவைப்பது லேசான காரியம் அல்ல. அமெரிக்க எழுத்தாளர் கீர்ஸ்டன் வைட் 2013இல் வெளியிட்ட ‘மைண்ட் கேம்ஸ்’ என்ற நாவல் அதைச் சாதித்திருக்கிறது. பதின்ம வயதினருக்கான திகில் நாவல் என்ற வகையில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். திகில் இருந்தது உண்மைதான். இன்னும் எத்தனை பக்கம் மிச்சம் என்று புரட்டிப் பார்த்தபோதெல்லாம் எனக்கு நெஞ்சு திக்கென்றது.

கல்முனைக்குடியில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இருக்கிற ஒரு மனுசனுக்குப் பதின்ம வயதுப் புத்தகத்தோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் வாசிக்கிற மகள் ஒருத்தி இருந்தால் இந்த வேலையெல்லாம் தானாக வந்து சேரும். “வாப்பா, இத ஒருக்காப் படிச்சிட்டுச் சொல்லுங்க. எனக்கு மட்டும்தான் இப்பிடி இருக்கா என்டு தெரியணும்” என்று கொண்டுவந்து தந்தாள். நான் காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் இங்கிலிசு படிப்பித்தவன். ‘எமது பசு’ என்ற தலைப்பில் ஒரு வகுப்பு முழுவதும் எழுதிய கட்டுரைகளைக் கடைசி வரி வரைக்கும் வாசித்துப் புள்ளி போட்டவனுக்கு, எந்தப் புத்தகத்தையும் பாதியில் மூடிவைக்கிற சுதந்திரம் இல்லை.

கதை இதுதான். ஆனிக்குக் கண் பார்வை கிடையாது. ஆனால் அவ்வப்போது இனி நடக்கப்போகிற ஏதோவொன்று காட்சியாக வந்து நிற்கும். அவள் இந்த உலகத்தைக் கண்ணால் காண்பது அந்த நேரத்தில் மட்டும்தான். அவளுடன் பிறந்த ஃபியாவுக்கு முதலில் மனசில் என்ன தோன்றுகிறதோ அதுவே சரியான முடிவு. கீன் என்ற பெரும்புள்ளியின் பிடியில் இருக்கிற ஒரு பள்ளிக்கூடம், ஆனியைப் படிப்பிக்கிறோம் என்று கூட்டிப் போகிறது. பிறகு அவளைப் பிணையாக வைத்துக்கொண்டு ஃபியாவை உளவுக்கும் பங்குச் சந்தைக்கும் கடைசியில் கொலைக்கும் ஏவுகிறது. ஆடம் என்ற பையனைக் கொல்லப் போகிற ஃபியாவோடுதான் நாவல் தொடங்குகிறது. அவன் ஒரு நாய்க்குட்டிக்கு இரங்கி நிற்பதைக் கண்டதும் அவளுக்குக் கை வரவில்லை.

இதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்வையில்லாத பெண்ணுக்கு எதிர்காலம் மட்டும் தெரிகிறது என்ற கற்பனைக்கு நான் எழுந்து நின்றே கைதட்டுவேன். அதற்குப் பிறகுதான் கை வலிக்கத் தொடங்கியது.

முதல் குறை ஃபியாவின் சக்தி. எடுத்த எடுப்பில் தோன்றுவதெல்லாம் சரி என்றால் அவளுக்கு என்ன ஆபத்து? சண்டையில் எந்தப் பக்கம் குனிய வேண்டும், எந்தக் கதவைத் திறக்க வேண்டும், எந்தப் பங்கை வாங்க வேண்டும் எல்லாமே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அடிக்கிற அடியிலெல்லாம் காய் தானாகப் போய்க் குழியில் விழுகிற கரம் பலகையைச் சுற்றி யார் நின்று ஆட்டம் பார்ப்பார்கள்? இவ்வளவு பிழையே விடாத பிள்ளை எப்படி இவர்களிடம் வருடக்கணக்காகச் சிறைப்பட்டுக் கிடக்கிறாள் என்று வாசகர் கேட்டுவிடக் கூடாதே என்று, ஆசிரியர் அவளை எந்நேரமும் பதற வைக்கிறார். காலில் விரலால் தட்ட வைக்கிறார். வரிக்கு வரி தட்டல். இரவில் அதை வாசித்துவிட்டுப் படுத்தால் யாரோ கதவைத் தட்டுகிற நினைப்பில் இரண்டு தரம் எழும்ப வேண்டியிருக்கிறது.

இரண்டாவது குறை காலம். ஓர் அத்தியாயத்தை ஃபியா சொல்கிறாள், அடுத்ததை ஆனி சொல்கிறாள். அது போதாதென்று ஒன்று இன்றைக்கு நடக்கிறது, இன்னொன்று பல வருடங்களுக்கு முன்பு நடக்கிறது. தலைப்பில் யார், எப்போது என்று போட்டிருக்கிறார்கள்தான். ஆனாலும் பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இல்லாமல் பிழைக்க முடியாது. என் மகளின் பிரதியில் அவளே ஓரத்தில் எழுதிவைத்த குறிப்புகள்தான் எனக்கு வழிகாட்டின. அவற்றில் பாதி கேள்விக்குறிகள்.

மூன்றாவது குறைதான் பெரியது. அதைச் சொல்வதற்கு நான் இருக்கிற வளவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் கரையில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவார். மூத்தவளுக்குத் தாய் இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் பக்கத்திலேயே இன்னொரு வீடு கட்டி அடுத்தவளுக்கு ஆயத்தமாவார்கள். குடி வழியும் தாய்வழிதான் எண்ணப்படும். முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் ஒன்றுபோலவே இருக்கிற இந்த வழக்கத்தை, அக்கரைப்பற்றில் தங்கிக் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே விரிவாக எழுதியிருக்கிறார். 2008இல் வந்த அவருடைய ‘குருசிபிள் ஒஃப் கொன்ஃபிளிக்ட்’ என்ற நூலில் குடி, சீதனம், வளவு எல்லாவற்றுக்கும் விளக்கம் உண்டு. அவர் எழுதாமல் விட்டது ஒன்றுதான்: அந்த வளவில் வாழ்க்கைப்பட்ட மாப்பிள்ளையின் நிலைமை.

மாமா தன் வளவை மூன்று பெண்மக்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். கிழக்கே, கடல் பக்கமாக, மதினியின் வீடு. நடுவில் என் மனைவியின் வீடு. அதில்தான் நான் இருக்கிறேன். மேற்கே இளைய மச்சியின் வீடு. முன்பு கிடுகு வேலி இருந்த இடத்தில் இப்போது கல்லுச் சுவர் வந்துவிட்டது. ஆனாலும் சுவர் கட்டிய மேசன்மாரிடம் மூன்று சகோதரிகளும் ஒரே குரலில் சொன்னது, கடப்பை மட்டும் அடைக்க வேண்டாம் என்பது. அந்த இரண்டு கடப்பு வழியாகவும் காலை பஜ்ர் தொழுகை முடிந்த நேரம் முதல் இரவு விளக்கு அணைக்கிற நேரம் வரைக்கும் ஆணம், மாசிச் சம்பல், தேங்காய், பிள்ளைகள், அனைத்துலகச் செய்திகள் எல்லாம் போய்வரும்.

‘மைண்ட் கேம்ஸ்’ நாவலில் சக்தியுள்ளவர்கள் எல்லாரும் பெண்கள். இது எங்களுக்குப் புதினம் அல்ல. அவர்களை ஆசிரியர் மூன்று வகையாகப் பிரிக்கிறார்: வரப்போவதைக் காண்பவர், பிறர் மனதை வாசிப்பவர், பிறர் உணர்ச்சியை உணர்பவர். அந்தப் பக்கத்தை வாசித்தபோது புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பக்கச் சுவரையும் ஒருமுறை பார்த்தேன். பெரும்பணம் கொட்டி உலகெங்கும் தேடி அந்தப் பள்ளிக்கூடம் சேர்த்த மூன்று வகையும் எங்கள் வளவில் சீதனமாகவே கிடைத்திருக்கின்றன.

வரப்போவதைக் காண்பவர் மதினி. கலியாணப் பேச்சுக்கு ஒருவர் ஒழுங்கைக்குள் நுழைந்தாலே போதும். அவர் படலையைத் தட்டுமுன் மதினி கடப்பில் நின்று, “இது அந்த நிந்தவூர்ப் பொடியனுக்குத்தான் வாறாங்க. வீடு கேப்பாங்க, மேல் மாடியும் கேப்பாங்க” என்று சொல்லிவிடுவார். சொன்னபடியே வந்தவர் வீட்டையும் கேட்பார், மேல் மாடியையும் கேட்பார். எப்படித் தெரிந்தது என்று விசாரித்தால், வந்தவரின் மனைவியின் சாச்சி மகள் போன கிழமை ஆஸ்பத்திரியில் யாரிடமோ சொன்ன ஒரு வசனத்தில் இருந்து தொடங்கி, ஒரு மௌலவியும் தோற்றுப்போகிற சனதோடு மதினி அந்த அறிவிப்பின் வரிசையை ஒப்புவிப்பார்.

மனதை வாசிப்பவர் என் மனைவி. நாவலில் வருகிற ஃபியா, தன் மனதை வாசிக்கிறவர்களை ஏமாற்ற ஒரு தந்திரம் வைத்திருக்கிறாள். மண்டைக்குள் பாட்டையும் வேண்டாத இரைச்சலையும் நிரப்பிக்கொள்வாள். புத்தகத்தில் எனக்குப் பயன்படும் என்று தோன்றிய ஒரே பகுதி அதுதான். பழைய கூட்டாளி ஒருவருக்கு வீட்டில் சொல்லாமல் கொஞ்சம் காசு கைமாற்றாகக் கொடுத்துவிட்டு வந்த அன்று, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஓர் ஈ. எம். ஹனிபா பாட்டை மண்டைக்குள் ஓடவிட்டேன். மனைவி பிளேன்டீயை வைத்துவிட்டு என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“யாருக்கு எவ்வளவு குடுத்தீங்க?”

“என்ன கதை இது? நான் ஒன்டும் கதைக்கவே இல்லியே.”

“அதான் கேக்கன். நீங்க கதைக்காம வந்தா காசு போயிருக்கு. தலைய ஆட்டிக்கிட்டு வந்தா நிறையப் போயிருக்கு.”

கீனின் பள்ளிக்கூடத்தில் பயிற்சி பெற்றவர்களுக்கு இந்த அளவுக்குத் தொகையோடு வாசிக்க வரவில்லை.

உணர்பவர் இளைய மச்சி. யார் வீட்டில் யாருக்கு மனசு சரியில்லை என்பது அவருக்குச் சுவர் தாண்டி வரும். எங்கள் வீட்டில் ஏதும் சின்ன மனக்கசப்பு நடந்தால், அது நடந்து முடிந்து நாங்கள் அமைதியாக உட்கார்ந்திருக்கிற நேரமாகப் பார்த்து, கடப்பு வழியாக ஒரு கோப்பை வட்டிலப்பம் வரும். “மச்சான் சாப்பிட்டாரா என்டு கேட்டு வரச் சொன்னாங்க” என்று பிள்ளை ஒன்று வந்து நிற்கும். நாங்கள் சத்தமே போடவில்லை. சத்தம் போடாததே அவருக்குச் செய்தி. மூன்று வீட்டுக்கும் தாயான மாமியின் சக்தி எந்த வகை என்று கேட்காதீர்கள். அவர் இந்த மூவருக்கும் அதிபர்.

இப்போது மூன்றாவது குறையைச் சொல்லலாம். ‘மைண்ட் கேம்ஸ்’ நாவலின் சகோதரிகள் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லை. வாய் திறக்கிறார்கள்தான். ஆனால் சொல்ல வேண்டியதைத் தவிர மற்றதையெல்லாம் சொல்கிறார்கள். ஃபியா தான் செய்யும் பாவங்களை ஆனியிடம் மறைக்கிறாள், ஆனியைக் காப்பாற்றத்தானாம். ஆனி தன் மனசில் உள்ளதை ஃபியாவிடம் மறைக்கிறாள். அதுவும் ஃபியாவைக் காப்பாற்றத்தானாம். ஒரு மாலை நேரம் இரண்டு பேரும் ஒரு திண்ணையில் குந்தி, ஒரு முறை மனம்விட்டுக் கதைத்திருந்தால் கதை மூன்றாம் அத்தியாயத்தில் முடிந்திருக்கும். நாவலை நகர்த்துவது மனோசக்தி அல்ல, வாய் அடைப்பு. அது தெரிந்த பிறகு எந்தக் கொலைகாரன் துரத்தினாலும் வாசகருக்கு மயிர்க்கூச்செறிவதில்லை.

முன்னறிவை வைத்துக் கதை சொல்லவே முடியாது என்று நான் சொல்லவரவில்லை. ‘மக்பெத்’ நாடகத்தை வகுப்பில் படிப்பித்தவன் நான். அங்கேயும் மாய சகோதரிகள்தான், மூன்று பேர். அவர்கள் சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் மக்பெத்தின் ஆசை அதைத் தனக்குப் பிடித்த மாதிரி விளங்கிக்கொள்கிறது. காடு நடந்து வராது, தாய் வயிற்றில் பிறந்த எவனும் தன்னை வெல்லமாட்டான் என்று அவன் நம்பிக்கொண்டு நிற்கும்போது, வரப்போவது தெரிந்ததே அவனுக்கு ஆபத்தாகிறது.

இன்னும் கிட்டத்தில் பார்ப்பதென்றால் எங்கள் ஊருக்குத் தெற்கே சாய்ந்தமருதைத் தாண்டினால் காரைதீவு. அங்கே கண்ணகி அம்மன் கோவில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கு ஒரு கனவு வருகிறது. ஓர் ஊருக்குப் போகிறார்கள், கோவலன் மேல் பழி விழுகிறது, அவள் அரசன் முன் போய் நின்று வழக்குரைக்கிறாள். மதுரையில் நடக்கப்போகிறது முழுவதும் அந்தக் கனவில் உண்டு. அதை அவள் மறைக்கவில்லை. தோழி தேவந்தியிடம் சொல்லிவிடுகிறாள். தேவந்தி பரிகாரமும் சொல்கிறாள். பொய்கையில் நீராடிக் காமவேள் கோட்டத்தில் தொழச் சொல்கிறாள். அது தனக்குப் பெருமை அல்ல என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். வாசகருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இருந்தும் மதுரை வரைக்கும் வயிற்றைப் பிசைகிறது. இளங்கோவடிகளுக்குத் தெரிந்த வித்தை அது: வரப்போவது தெரிந்த பிறகும் மனுசர் தம் குணத்தை விட்டுப் போவதில்லை. ஃபியாவிடமும் ஆனியிடமும் சக்தி இருக்கிறது. குணத்துக்குத்தான் பக்கம் ஒதுக்கவில்லை.

உண்மையாகவே மனோசக்தி உள்ளவர்கள் என்று உலகத்தை நம்பவைத்த சகோதரிகளின் கதை ஒன்று இருக்கிறது. எந்த நாவலையும் தோற்கடிக்கும். நியூயோர்க் மாநிலத்தில் ஹைட்ஸ்வில் என்ற சின்னக் குக்கிராமம். 1848 மார்ச் 31 இரவு, ஃபொக்ஸ் குடும்பத்தின் வீட்டில் யாரும் தொடாமலே ‘டக் டக்’ என்று தட்டும் சத்தம் கேட்டது. வீட்டில் இருந்த பெண்பிள்ளைகள் இருவர்: மாகி, கேட். ஒருத்திக்கு 14 வயது, மற்றவளுக்கு 11 அளவில் இருக்கும். கேள்வி கேட்டால் தட்டலில் பதில் வந்தது. உம்மா பயந்துபோய் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டார். அந்த ஒரு கூப்பீட்டோடு செத்தவர்களோடு பேசுகிற ஒரு பெரிய இயக்கமே அமெரிக்காவில் பிறந்துவிட்டது.

மூத்த ராத்தா லியா, ரோச்செஸ்டர் நகரத்தில் இருந்தவர். சங்கதி கேள்விப்பட்டதும் ஓடிவந்தார். தங்கச்சிமாரைப் பார்த்துப் பயப்படவில்லை, கணக்குப் பார்த்தார். 1849 நவம்பரில் ரோச்செஸ்டரின் கொரிந்தியன் மண்டபத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு முதல் காட்சி நடந்தது. 1851இல் பஃபலோ நகர வைத்தியர்கள் சிலர் வந்து பார்த்து, ஆவியும் இல்லை ஒன்றும் இல்லை, முழங்கால் மூட்டைச் சொடுக்குகிறார்கள் என்று எழுதினார்கள். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாற்பது வருடம் தொழில் ஓடியது.

அதை உடைத்தது விஞ்ஞானம் அல்ல. கூடப்பிறந்தவர்களின் சண்டை. கேட் குடிக்கிறாள், பிள்ளைகளை வளர்க்க லாயக்கில்லை என்று லியாவும் சுற்றியிருந்தவர்களும் பேசத் தொடங்கியதும் மற்ற இருவருக்கும் கோபம் தலைக்கேறியது. 1888 அக்டோபர் 21 அன்று நியூயோர்க் அகாடமி ஒஃப் மியூசிக் மண்டபத்து மேடையில் மாகி சப்பாத்தைக் கழற்றினார். கேட் பார்வையாளர்களோடு இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரல் மூட்டைச் சொடுக்கிக் காட்ட, மண்டபம் முழுக்க அந்தத் தட்டல் கேட்டது. சின்ன வயதில் நூலில் ஆப்பிள் கட்டி உம்மாவைப் பயமுறுத்தத் தொடங்கிய விளையாட்டு என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அடுத்த வருடமே அந்த வாக்குமூலத்தை வாபஸ் வாங்கினார் என்பது வேறு கதை. லியா 1890இலும், கேட் 1892இலும், மாகி 1893இலும் மறைந்தார்கள். தங்கச்சிமார் இருவரும் வறுமையில்.

மூன்று சகோதரிகள், ஒரு இரகசியம், காசு, பொறாமை, கடைசியில் ஒரு சப்பாத்து. நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? மனோசக்தி என்று ஒன்றுமே இல்லாமல் ஓடுகிற திகில் கதை இது. ஃபியாவின் கால் தட்டலில் பாதி மாகியின் விரலில் இருந்து வந்திருந்தால் நானும் விடியவிடிய வாசித்திருப்பேன்.

மெக்கில்வ்ரேயின் நூலை வெளியிட்டது டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகம். அதே டியூக் பல்கலைக்கழகத்தில்தான் 1930களில் ஜே. பி. ரைன் என்பவர் மனோசக்தியை அட்டை வைத்து அளக்கத் தொடங்கினார். மொத்தம் 25 அட்டைகள். வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம் என்று ஐந்து வகை அடையாளம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே சராசரியாக 5 சரியாக வரும். அதற்கு மேல் தொடர்ந்து வந்தால் சக்தி உண்டு என்பது ரைனின் கணக்கு. 1934இல் அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். வேறு ஆய்வுகூடங்களில் செய்து பார்த்தபோது அதே பெறுபேறு வரவில்லை. மாமியின் முன்னால் அந்த அட்டைகளை வைத்திருந்தால், அடையாளத்தைச் சொல்லியிருக்கமாட்டார். இந்த அட்டை யார் வீட்டிலிருந்து வந்தது, அவர்கள் ஏன் இதைத் திருப்பிக் கேட்கவில்லை என்பதைச் சொல்லியிருப்பார்.

எங்கள் நாட்டிலும் ஒருவர் இருந்தார், ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் பிறந்து இலங்கையில் ஆசிரியராக வாழ்ந்தவர். மோசடி இல்லாமல் அமானுஷ்ய சக்தியை நிரூபித்துக் காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபா தருவதாக 1963இல் சவால் விட்டார். அந்தக் காலத்து லட்சம். 1978இல் அவர் இறக்கும் வரைக்கும் ஒருவரும் அதை வென்றதில்லை. மதினி போட்டிக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. தோற்றிருப்பார். மோசடியால் அல்ல; எப்படித் தெரிந்தது என்று கேட்டதுமே ஆதாரத்தோடு சொல்லிவிடுவார். அமானுஷ்யம் அங்கேயே அடிபட்டுப் போயிருக்கும்.

மறைவானதை அறிகிறவன் அல்லாஹ் ஒருவன்தான் என்பது எங்கள் ஈமான். குறிகாரனிடம் போய்க் கேட்டால் நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்ற ஹதீஸை குத்பாவில் கேட்டுத்தான் வளர்ந்தோம். ஆனாலும் பால்கிதாபு பார்க்கிறவர்களும் மை போட்டுப் பார்க்கிறவர்களும் ஊரில் பட்டினி கிடந்ததாக நான் அறியவில்லை. இளைய மச்சியின் மகளின் சங்கிலி ஒருமுறை காணாமல் போனது. யாரோ மை பார்க்கப் போகச் சொன்னார்கள். மாமி, “என்ட தொழுகைய உங்கட சங்கிலிக்குக் குடுக்கேலா” என்று ஒரே வார்த்தையில் மறுத்தார். பிறகு மூன்று சகோதரிகளும் படியில் குந்தி, அன்று விடிந்தது முதல் யார் யார் எந்தக் கடப்பால் வந்து எந்தக் கடப்பால் போனார்கள் என்று ஒருவர் விட்ட இடத்தை ஒருவர் எடுத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். “அப்ப அரிசி புடைக்கக்குள்ள புள்ள மடியில இருந்தாகா” என்று இளையவர் சொன்னதும் மூவரும் ஒன்றாக எழும்பினார்கள். சங்கிலி அரிசிப் பானைக்குள் கிடந்தது. மர்மத்தை அவிழ்த்தது சக்தி அல்ல. மூன்று பேருடைய பாதி ஞாபகங்கள் ஒரு படியில் வந்து கூடியதுதான்.

இந்த இடத்தில் சிரிப்பைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். கடலோடு ஒட்டிய எங்கள் வீதிகளில் எத்தனை வீடுகள் காலியாகின என்பதை ஊரில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு, முதல் நாளே கனவு கண்டதாகச் சொன்னவர்கள் பலர். முதல் நாளே வந்து சொன்னவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. சுமாத்ராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்தது எங்கள் நேரம் காலை 7 மணிக்குச் சற்று முன். அலை இந்தக் கரைக்கு வர ஒன்றரை மணிநேரம் அளவில் எடுத்தது. ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்துக்கு நிலநடுக்கம் நடந்தது சில நிமிடங்களில் தெரியும். தெரிந்தவர்கள் இருந்தார்கள். இந்து சமுத்திரக் கரைகளுக்குச் சொல்லி அனுப்ப ஓர் ஏற்பாடு இருக்கவில்லை. ஆனி கண்ட காட்சிகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒன்றரை மணிநேரம்தான் நினைவுக்கு வந்தது. தெரிந்துகொள்வதில் என்ன பயன், சொல்லாவிட்டால்?

பிறகு இந்து சமுத்திரத்துக்கும் எச்சரிக்கை முறை வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்ராவுக்கு அப்பால் மீண்டும் பெரிய அதிர்ச்சி. இலங்கைக் கரையோர மக்களை விலகச் சொன்னார்கள். எங்கள் வளவில் அரசாங்க அறிவிப்பு வந்து சேரும்போது மூன்று வீடும் பூட்டியாகிவிட்டது. மதினிக்குப் போன் வந்திருந்தது. மதினி இரண்டு கடப்புக்கும் குரல் கொடுத்திருந்தார். மாமி உறுதிப் பத்திரங்களையும் என்னையும் அந்த வரிசையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருந்தார். அன்று பெரிய அலை வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஆகவே மகளுக்கு நான் சொன்ன தீர்ப்பு இது. உனக்கு மட்டும் அப்படி இல்லை, புத்தகம் அப்படித்தான். இதற்கு 2014இல் ‘பெர்ஃபெக்ட் லைஸ்’ என்று இரண்டாம் பாகமும் உண்டு. அதை நீ எனக்குக் கொண்டுவர வேண்டாம். ஆனால் அந்த எழுத்தாளரைக் கைவிடவும் வேண்டாம். 2016இல் அவர் எழுதிய ‘அண்ட் ஐ டார்க்கன்’ உதுமானிய அரண்மனைக்குள் நடக்கிற கதை. வாலாக்கியாவில் இருந்து பிணையாகக் கொண்டுவரப்பட்ட லாடாவும் அவள் தம்பி ராதுவும் பின்னாளில் கொன்ஸ்தாந்திநோபிளை வெல்லப்போகிற முஹம்மதுவோடு வளர்கிறார்கள். அதில் ஒருவருக்கும் மனோசக்தி கிடையாது. அதனால் எல்லாருக்கும் குணம் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

கடைசியாக, மஹ்மூத் மகளிர் கல்லூரியிலும் ஸாஹிராவிலும் படிக்கிற, கொப்பியின் பின்பக்கத்தில் களவாகக் கதை எழுதுகிற பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். சகோதரிகளை வைத்து ஒரு மர்ம நாவல் தமிழில் எழுதுங்கள். அமெரிக்கப் பள்ளிக்கூடமும் வேண்டாம், ஆவியும் வேண்டாம். ஒரு வளவும் மூன்று வீடும் போதும். அவர்களை ஒருவரோடொருவர் பேசவிடுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி தாருங்கள், புள்ளி போட்டுத் தருகிறேன். எங்கள் மச்சிமாருக்குத் தனியாகப் பிரதி தேவையில்லை. நீங்கள் யாரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பது இரண்டாம் அத்தியாயத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.